முதுகுக்குப் பின்னால் எஞ்சின்

அந்தக் காரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் முன்பக்கம் குனிந்துதான் எஞ்சினைத் தேடுவார்கள். அங்கே இருக்காது, சார். ஓட்டுகிறவனின் முதுகுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கும். எடை நடுவில் இருந்தால் வளைவில் கார் சொன்னபடி கேட்கும். அந்த யோசனை என்னுடையது. சோதனைக்காக ஒன்றே ஒன்று செய்தோம். எந்தப் பந்தயத்துக்கும் போகாமல் அது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பராமரிக்கும் மெக்கானிக்காக நானும் கூடவே போனேன்.

அதை ஓட்டிப் பார்த்தவன் என் தம்பி. நான் வரைந்ததையெல்லாம் மேடைக்கு மேடை பேசியே தன்னுடையதாக்கிக்கொண்டான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு அவனுக்கு வரும், எனக்கு வராது.

அருங்காட்சியகத்தின் ஆண்டு விழாவில், கட்டடத்தைச் சுற்றியுள்ள பாதையில் அதை ஓட்டிக் காட்ட அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்ததும் என் தோளில் கைபோட்டுப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான்: "எங்க அண்ணன். அப்பல்லாம் இவருதான் எனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கோவமாண்ணே?" என்று பிறகு தனியாகக் கேட்டான்.

"இதுக்குப் போய் யாராவது கோவப்படுவாங்களா? போய் ஹெல்மெட்ட மாட்டு" என்றேன்.

பெட்ரோல் குழாய் இருக்கையை ஒட்டித்தான் எஞ்சினுக்குப் போகிறது. அவன் உடை மாற்றப் போயிருந்தபோது அதன் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். பிறகு அவனுக்குப் பெல்ட்டை நானே மாட்டி, நன்றாக இறுக்கிவிட்டேன். அந்தப் பழைய கொக்கி முரண்டு பிடிக்கும். அதைக் கழற்றும் பக்குவம் என் கைக்குத்தான் தெரியும்.

வளைவு திரும்பும்போது தீப்பிடித்தது. தீயணைப்பு உருளையோடு முதலில் ஓடியவன் நான்தான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். "அண்ணே, பெல்ட்டு... பெல்ட்டக் கழட்டுண்ணே" என்றான். நான் பின்பக்கம் போய் எஞ்சினில் பிடித்த தீயை அணைத்தேன். பொறுமையாக, மேலிருந்து கீழாக. அலுமினிய மூடிகூடக் கறுக்கவில்லை. அவன் பக்கம் வந்தபோது உருளை காலியாகிவிட்டது.

அவன் மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அவர் உங்களத்தானே கூப்பிட்டாரு, மாமா?"

ஆமாம், என்னைத்தான் கூப்பிட்டான். குழாயைத் தளர்த்தியதும் நான்தான், அவனை எரியவிட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வன்மம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். சின்ன வயதிலிருந்து அவனை நான் கைநீட்டி ஓர் அடி அடித்ததில்லை.