காலில்லாத கொம்பு

உக்காராதீங்க, உக்காராதீங்க தெமூர் மாமா! போய்ச் சேர்ந்தவங்க பேரைச் சொல்லி ஒயின் ஊத்தின கொம்பைத் தூக்கியாச்சு. இனிமே குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஆம்பளைங்க உக்காரக் கூடாது. உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன? என்னது, கீழ வைக்கவா? எங்க வைப்பீங்க, வெச்சுக் காட்டுங்க பார்ப்போம். கிளாஸுக்கு அடி இருக்கு, குடத்துக்கு அடி இருக்கு. மாட்டுக் கொம்புக்கு ஏது காலு? வெச்ச நிமிஷம் கவுந்துடும். கவுந்தா பாபலே பெரியத்தை பேர்ல ஊத்தின ஒயின் தரையில ஓடும். அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம், உங்க கம்பெனிக்கும் வேண்டாம்.

இப்பவே குடிச்சுட்டுப் போயிடவா? அய்ய, வாழ்த்து முடியாமலா? குடிக்கக் கூடாது, வைக்கக் கூடாது, உக்காரக் கூடாது. நின்னு கேட்டாப் போதும். லேசான வேலைதான். கடைசியில ஒரு சிரிப்பு இருக்கு மாமா, சத்தியமா. பெரியத்தை சொல்லிட்டே செத்துச்சு, என் பேரைச் சொல்லிக் குடிக்கிறவன் மூக்கைச் சிந்திக்கிட்டுக் குடிச்சா எந்திரிச்சு வந்து அறைவேன்னு. அதனால எங்க வீட்டுல சிரிப்பு முதல்ல, குடி அப்புறம். வயிறு புண்ணாகிடும், அப்படி ஒரு சிரிப்பு. ஆனா இப்போ இல்ல. கொஞ்சம் பொறுங்க.

பதினாறு வயசுப் பொண்ணு வாழ்த்துச் சொல்றாளேன்னு பார்க்கறீங்க. நானா கேட்டு வாங்கினேன்? பந்தித் தலைவர் ஷால்வா தாத்தாதான் என் பக்கம் கையைக் காட்டி, தெக்லே, மிச்சத்தை நீ சொல்லுன்னு ஒப்படைச்சுட்டுப் போனாரு. தலைவர் ஒப்படைச்சா அப்பீல் கிடையாது. அவரே சொல்லியிருந்தா இன்னும் மோசம் மாமா. எப்படிச் சொல்வாருன்னு காட்டட்டா? தொண்டையைச் செருமி... ஓஓ, வெண்பனி மூடிய மலையே... அப்படின்னு உச்சியில ஆரம்பிப்பாரு. அங்கேருந்து அலசானி ஆத்துல இறங்குவாரு. கரையில இருக்கிற ஊரையெல்லாம் ஒண்ணொண்ணா நனைப்பாரு. விஷயத்துக்கு வர்றதுக்குள்ள கறி ஆறி, நாய் தின்னு, நாயும் தூங்கியிருக்கும். காலையிலேர்ந்து அதைத்தானே கேட்டுக்கிட்டிருந்தீங்க. நான் பரவாயில்ல.

எல்லாரும் எங்க போனாங்களா? அதான் சொன்னேனே, வெளிய திராட்சைக் கொடிக்கட்டை நெருப்புல கறி சுடறாங்க. கறி சுட எதுக்கு இத்தனை பேரா? என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க, நீங்களும் இந்தப் பக்கத்து ஆளு, க்வாரெலி ஊர்க்காரர்தானே. ஒருத்தன் சுடணும். ஒருத்தன் அப்படிச் சுடாதேன்னு சொல்லணும். மிச்சப் பேர் அந்த ரெண்டு பேரும் அடிச்சுக்காமப் பார்த்துக்கணும். உங்க டிரைவர் கோச்சாவா? அவருக்கு அம்மா முதல்லயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு தட்டு குடுத்தாச்சு. ரொம்ப நல்ல மனுஷன், ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாரு.

செல்போனா? இந்த நிலவறையில அது செங்கல்லுக்குச் சமானம். சுவர் இந்தக் கனம். மண்ணுல புதைச்ச தாழிக்குள்ள ஒயின் புளிச்சுப் பொங்கற சத்தமே வெளிய கேக்காது, உங்க போனுக்கா கேக்கப்போகுது?

சரி, கையை மாத்திக்கோங்க. வலது கைதான் மரியாதை, ஆனா பெரியத்தை கோவிச்சுக்காது.

உங்க ஒயின் விளம்பரத்துல மட்டும் அவ்வளவு நேரம் கொம்பைத் தூக்கிப் பிடிச்சு நின்னீங்களே மாமா, பின்னாடி சூரியன் மறைய மறைய? அது எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்துல செஞ்சு காட்டினா டீச்சரே டெஸ்க்கைத் தட்டுவாங்க. பாருங்க, கன்னத்தை உள்ள இழுத்து, கண்ணைச் சுருக்கி... எங்கள் ஒவ்வொரு துளியிலும் மூதாதையரின் மூச்சு. நாங்கள் மரபுக்குத் தலைவணங்குகிறவர்கள். எப்படி? அச்சு அசலா நீங்கதானே? அதனாலதான் காலையில நீங்க பூட்டும் சங்கிலியுமா வந்து இறங்கினப்போ அம்மா சொன்னாங்க, முதல்ல ரொட்டி, அப்புறம் பூட்டுன்னு. மரபுக்குத் தலைவணங்குகிறவர் ரொட்டியைத் தாண்டிப் போயிடுவாரா என்ன? வணங்கிட்டீங்க.

ஆமா, வந்தீங்க. அதையும் வாழ்த்துலயே சொல்லிடறேன், பெரியத்தை கேட்டுக்கட்டும். பெரியத்தை, கேளு. நீ கல்லு பொறுக்கி, திராட்சைக் கொடி நட்டு, உன் பேரே ஒட்டிக்கிட்ட மேல் தோட்டம் காகிதத்துல கேலா சித்தப்பா பேர்ல இருந்துச்சு. வருஷம் முழுக்க அங்க குனிஞ்சு நிமிந்தது எங்கப்பா ஒதார். சித்தப்பா திபிலிசியில குளுகுளு ரூம்ல உக்காந்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டாரு. வாங்கினது நம்ம தெமூர் மாமா கம்பெனி. உன் கொடியெல்லாம் கிழடாம், குளிர்காலத்துல பிடுங்கிடுவாங்களாம், கம்பி கட்டிப் புதுசு நடுவாங்களாம். ஆனா பாட்டில்ல பாபலே தோட்டம்னு உன் பேர்தானாம், உன் போட்டோ வேற கேட்டாங்க. பல்லு இல்லாம சிரிக்கிற போட்டோவாத்தான் குடுக்கப்போறேன்.

இருங்க மாமா, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே. வசந்த காலத்துல இதே மேஜையில, இதே நாற்காலியில உக்காந்து நீங்க சொன்ன வார்த்தையை அட்சரம் மாறாமச் சொல்றேன், உங்க குரல்லயே. ஒதார், நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. அறுவடையெல்லாம் முடிஞ்சப்புறம் வர்றேன். நான் வந்து தோட்டத்து கேட்டுல பூட்டுப் போடறப்போ கூடையில இருக்கறது உங்களுது, கொடியில தொங்கறது எங்களுது. போதுமா? அப்படின்னு சொல்லி ஒரு கிளாஸைக் குடிச்சுக் கவுத்தீங்க. ஊர்ப் பெரியவங்க இருந்தாங்க. அப்பா நம்பிட்டாரு. அப்பா எதையும் நம்புவாரு, அவர் மூஞ்சியே அப்படி.

அப்புறம் இன்னைக்கு வந்தீங்க. ஒரு குலைகூட வெட்டலை. பழத்துல இனிப்பு ஏறிடுச்சுன்னு எவனோ உங்க காதுல ஓதியிருக்கான். அப்பா கேட்டாரு, தெமூர், அறுவடை முடிஞ்சப்புறம்னு சொன்னியேப்பான்னு. நீங்க என்ன சொன்னீங்க? தேதி சொல்லலையே ஒதார்! தேதி சொல்லலையேன்னு சொல்லிட்டுச் சிரிச்சீங்க பாருங்க, க்கெ க்கெ க்கென்னு, கோழிக்குத் தொண்டையில சோளம் மாட்டின மாதிரி. கோவிச்சுக்காதீங்க, நான் எல்லாரையும்தான் செஞ்சு காட்டுவேன். அம்மா கெஞ்சினாங்க, இன்னைக்கு ஒரு நாள் குடுங்க, பறிச்சுக்கிறோம்னு. நீங்க எட்டிப் பார்த்து எண்ணினீங்க. நாலு பேரு, ஒரு கழுதை. மறுபடி க்கெ க்கெ க்கெ. பூட்டு எங்க போகப்போகுது, வாங்க முதல்ல சாப்பிடலாம்னு நீங்களேதான் உள்ள வந்தீங்க. நான் இழுத்துட்டு வரலை.

அப்பா? வாங்கப்பா. ரொட்டியை அங்க வைங்க. உப்பு இருக்கு இருக்கு. இன்னும் முடியலைப்பா, நடு வாழ்த்துல இருக்கேன். நீங்க போங்க, கறி கருகிடப்போகுது.

கையா? ஏன் அப்படிக் கருநீலமா இருக்கா? அக்ரூட்டு, மாமா, அக்ரூட்டுக் கொட்டை. காலையிலேர்ந்து பச்சைத் தோல் உரிச்சுக்கிட்டிருக்காரு. அந்தக் கறை பத்து நாள் போகாது. மூச்சு வாங்கறாரா? அவருக்கு அப்படித்தான், ரொட்டி தூக்கினாலே வாங்கும்.

சரி சரி, சிரிப்புக்கு வர்றேன். மாஸ்கோ நம்மளை ஆண்ட காலத்துல, அங்க இருக்கிறவங்க இனிமே எவனும் குடிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணின வருஷம். குடிக்காதேன்னு சொன்னா எவன் கேப்பான்? அதனால கொடியைப் பிடுங்குன்னு உத்தரவு. ஒரு அதிகாரி டிராக்டரோட வந்து இறங்கினான். மூக்காலயே பேசுவானாம். நான் பார்த்ததில்ல, ஆனா பெரியத்தை செஞ்சு காட்டினதைப் பார்த்திருக்கேன். ங்ஞ்ஞ், குடிமகளே, ங்ஞ்ஞ், மேல் தோட்டம் எங்க இருக்கு? பெரியத்தை அவனைப் பார்த்துச்சு. டிராக்டரைப் பார்த்துச்சு. ஓன்னு அழும்னு எல்லாரும் நினைச்சாங்க. அது என்ன பண்ணிச்சு தெரியுமா? வாங்க அதிகாரி அய்யா, பிடுங்கிக்கலாம், பட்டினியாப் பிடுங்கினா முதுகு பிடிச்சுக்கும், முதல்ல ரொட்டின்னு இந்த நிலவறைக்குக் கூட்டிட்டு வந்துச்சு.

ஆமா மாமா, இதே மேஜை. கையில ஒரு கொம்பைக் குடுத்துச்சு. ஆமா, அதே கொம்புதான், வெள்ளிப் பூண் இருக்கு பாருங்க, லேசா நசுங்கினது. அவனும் பாவம் கிராமத்துல பொறந்தவன், அம்மா வளர்த்த பிள்ளை. செத்தவங்க பேருக்குக் கொம்பைத் தூக்கிட்டு எப்படி வைக்கிறதுன்னு தெரியாம நின்னான். பெரியத்தை ஆரம்பிச்சுது. என் புருஷன் இருக்கானே அதிகாரி அய்யா... புருஷன்ல ஆரம்பிச்சு, மாமனார், மாமனாரோட குதிரை, அந்தக் குதிரைக்கு வைத்தியம் பார்த்தவன், வைத்தியன் பொண்டாட்டி ஓடிப்போன கதைன்னு ஒரு குடும்பம் விடலை. அவனுக்குக் கால் கடுத்துது. அவனும் கையை மாத்தி மாத்திப் பிடிச்சான், உங்களை மாதிரியே.

என்ன சத்தமா? கழுதை. பசிக்குது போல.

அப்புறமா? வாழ்த்து முடிஞ்சுது. குடிச்சான். ங்ஞ்ஞ், இப்ப வேலையைப் பார்ப்போம்னு வாசலுக்குப் போனான். அங்க டிராக்டர் நாலு கல்லு மேல அடைகாக்கிற கோழி மாதிரி உக்காந்திருக்கு. சக்கரம் ஒண்ணுகூட இல்ல! நாலையும் கழட்டி ஊர்ப்பசங்க மேட்டுலேருந்து உருட்டிவிட்டுட்டாங்க. அதெல்லாம் ஆத்துல விழுந்து மிதந்து, எந்த ஊர்க்கரையில ஒதுங்குச்சோ யாருக்குத் தெரியும். புதுச் சக்கரம் வர்றதுக்குள்ள பனி விழுந்துது, மண்ணு கல்லாச்சு, வசந்தம் வந்தப்போ மேல அதிகாரியே மாறிட்டான். கொடி நின்னுச்சு.

எங்க, சிரிக்கலையே நீங்க? ஏன் வாசலையே பார்க்கறீங்க?

காரா! அய்யோ மாமா! உங்க கார் சக்கரத்தை யார் தொடுவா? பெரியத்தை மேல சத்தியமா எந்தக் கையும் படலை. நாலும் பத்திரமா இருக்கு, காத்துகூட நிறைய இருக்கு. ஒரே தந்திரத்தை ரெண்டு தடவை பண்ற குடும்பமா நாங்க? நம்பிக்கை இல்லேன்னா சுவர்ல காத்துக்கு விட்ட அந்த ஓட்டை வழியாப் பாருங்க, கார் மூக்கு தெரியும். தெரியுதா? ஹாங். அப்பாடான்னு மூச்சு விடறீங்க பாருங்க. நிம்மதியா நில்லுங்க. அந்தக் கதை சிரிப்பு இல்ல, சும்மா தொட்டுக்க. சிரிப்பு இனிமேதான்.

பாட்டா? ஆமா பாடறாங்க. கறி சுட்டா பாடாம இருப்பாங்களா? நல்லா இருக்குல்ல? ஷால்வா தாத்தா கீழ் குரல், மலையையே இழுக்கிறாரு. அப்பா நடுவுல. அந்த மேல் குரல்தான் புதுசு, யாருன்னு... மாமா? ஏன் காதை அப்படிச் சாய்க்கிறீங்க?

முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?

ஆமா.

அதே பாட்டுதான். க்வாரெலியிலயும் இதைத்தான் பாடுவீங்கல்ல? கறிக்குப் பாடறது இல்ல, கல்யாணத்துக்கும் இல்ல. வருஷத்துக்கு ஒரே தடவை. அறுவடையில கடைசிக் கூடை பழம் மிதிக்கிற தொட்டிக்கு வந்து சேர்றப்போ.

நாலு பேரு, ஒரு கழுதைதான் மாமா. நீங்க எண்ணினப்போ. நீங்க உள்ள வந்து முதல் ரொட்டியைப் பிய்க்கறதுக்குள்ள அம்மா அடுத்த வீட்டு வேலிகிட்ட போயிட்டாங்க. அப்புறம் அதுக்கு அடுத்த வீடு. பழம் பறிக்கறதுக்காகப் பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டுட்டாங்க. பாதிரியார் அங்கியை இடுப்புல சொருகிக்கிட்டு மேல் வரிசையை எடுத்துக்கிட்டாராம். இங்க இருந்தவங்க ஒவ்வொருத்தரா உப்புக்குப் போனாங்க, விறகுக்குப் போனாங்க, கறியைப் பார்க்கப் போனாங்க. கறியே இல்ல மாமா. அடுப்பே மூட்டலை. எல்லாப் பழமும் இப்ப ஷால்வா தாத்தா வீட்டு மிதி தொட்டியில. அப்பா கையில இருந்ததும் அக்ரூட்டு இல்ல. எங்க தோட்டத்துக் கறுப்புத் திராட்சைக்குச் சாறே அந்த நிறம். ஒயின் கம்பெனிக்காரர் நீங்க, கண்டுபிடிச்சுடுவீங்களோன்னு எனக்கு அப்போ ஒரு நிமிஷம் மூச்சே நின்னுபோச்சு.

அந்த மேல் குரல் யாருன்னு கண்டுபிடிச்சீங்களா? உங்க கோச்சா. ரெண்டாவது தட்டு சாப்பிட்டப்புறம் கூடையைக் குடுங்கன்னு அவரே கேட்டாராம். கடைசிக் கூடையைத் தூக்கிட்டு வர்றதும் அவர்தான்.

கத்தாதீங்க, ஒயின் சிந்துது. நான் எதை மீறினேன்? பூட்டுப் போடறப்போ கூடையில இருக்கறது எங்களுதுன்னு சொன்னது நீங்க. தேதி சொல்லலையேன்னு சொன்னதும் நீங்க. நேரமும் சொல்லலையே மாமா? பூட்டு இதோ, சங்கிலி இதோ. துருப்பிடிச்சு இருந்துச்சு, உங்களுக்குச் சிரமமா இருக்கும்னு எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். போய் நல்லா இழுத்துப் பூட்டுங்க. கொடியில தொங்கறதெல்லாம் உங்களுது. இலை நிறைய இருக்கு.

குளிர்காலத்துல பிடுங்குவீங்க. தெரியும். அதுக்கு என்ன பண்ணணும்னு குளிர்காலத்துக்கு முன்னாடி யோசிச்சுக்கறோம், இன்னும் நாள் கிடக்கு. இந்த வருஷச் சாறு எங்க தாழியில, எங்க மண்ணுக்கடியில. அதுல பாபலே பேர் எழுத வேண்டியதில்ல, யாருதுன்னு ஊருக்கே தெரியும்.

சிரிப்பா? எங்கேன்னு கேக்கறீங்களா? கேக்கலையா வெளிய, பாட்டு முடிஞ்சப்புறம், அந்தச் சத்தம்? கழுதைகூடச் சேர்ந்துக்கிச்சு. கடைசியில ஒரு சிரிப்பு இருக்குன்னுதானே மாமா சொன்னேன். யார் சிரிப்பாங்கன்னு சொன்னேனா?

வாழ்த்து முடிஞ்சுது. பாபலே பெரியத்தைக்கு! இப்போ குடிங்க. குடிச்சாத்தான் கீழ வைக்க முடியும்.