இலந்தைக் கிளையோடு வந்தவன்

மாலை ஆறு மணி. ஆற்றுப் பாலத்திலிருந்து காட்டுப் பூங்காவின் கதவு வரை பதினோரு மைல்... வழியில் ஒரு குடிசை கிடையாது. இருந்ததையெல்லாம் கொளுத்தியாயிற்று. அந்தப் பாதையில் கசமூலா தனியாக வந்துகொண்டிருந்தான். தோளில் ஓர் இலந்தைக் கிளை.

கசமூலா யார் என்றா கேட்கிறீர்கள்? நம் லாரிக்கார ரிசிமாட்டிக்குச் சித்தப்பா. அந்த விறகைத் தீக்குள் தள்ளுங்கள், சொல்கிறேன்.

கசமூலாவின் அப்பா முகச்சானி செத்து அப்போதே இருபது வருடம். பூங்காவுக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். அம்மா சாசவோனா பத்து நாளாகப் பாயை விட்டு எழவில்லை. உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தது.

"உங்கப்பா வராம நான் கண்ண மூட மாட்டேன்டா. இலந்தைக் கிளைய அவர் குழி மேல வச்சுக் கூப்பிடு, ஆவி அதப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே வரும், கூட்டிட்டு வா. கிளை கையில இருக்கறப்போ வேற யாருகிட்டயும் வாயத் தொறந்துடாத. யாரப் பாத்துப் பேசறியோ அவங்க வந்துருவாங்க."

முகச்சானி, வெள்ளைக்கல் துரையிடம், அதுதான் பூங்காவை ஆண்ட வெள்ளைக்காரரிடம், விலங்குத் தடம் பார்க்கும் வேலையில் இருந்தவர். துரையைப் பற்றிப் புத்தகங்களில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பட்டாளத்தை விட்டு வந்தாராம், வேட்டைத் துப்பாக்கியைக் கீழே வைத்தாராம், தங்கம் தோண்ட வந்தவர்களை ஒற்றை ஆளாய் எதிர்த்துக் காட்டைக் காப்பாற்றினாராம். பொய்யில்லை. தாயில்லாத மான்குட்டிக்கு விடிய விடியப் புட்டிப்பால் கொடுத்தவர்தான். அதே கைதான் எங்கள் கூரைகளுக்குத் தீக்குச்சி கிழித்தது. அவர் என்ன அவர்... அவன்! பூங்காவுக்கு இடம் வேண்டுமென்று, சுண்ணாம்பு பூசிய கற்களை ஊரைச் சுற்றி வரிசையாக வைப்பான். மறுநாள் அந்தக் கற்களுக்குள்ளே மனிதர் இருக்கக் கூடாது. மூன்று ஊர்கள் அப்படிப் போயின. அவன் உயிரைக் காப்பாற்றப் போய்த்தான் முகச்சானி காட்டெருமைக் கொம்பில் செத்தார். குழி மண் காய்வதற்குள் அவர் வீட்டையும் கொளுத்தினான்.

குன்றின் மேல் மருலா மரத்தடியில் ஒரு மண்மேடு, அதுதான் அப்பாவின் குழி. கசமூலா கிளையை அதன் மேல் வைத்தான்.

"அப்பா... வாங்க. வீட்டுக்குப் போலாம்."

தூக்கியபோது கிளை கனத்தது. பின்னால் வெறுங்கால் நடக்கும் சத்தம், மெத்து மெத்தென்று. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

குன்றிறங்கும் வழியில்தான் துரையின் கல்லறை. பளபளவென்று கருங்கல், சுற்றிலும் இரும்பு வேலி, புதுப் பூ. 'இந்த நிலத்தை நேசித்தவர்' என்று எழுதியிருந்தது. கசமூலா நின்றான். படித்தான். இருபது வருடக் கோபத்தில் கத்தினான்.

"யாரு நிலம்டா? எங்கப்பன் மேல ஒரு கல்லு இல்ல, உனக்கு வேலி கேக்குதா? வாடா... நாங்க எங்க கெடக்கறோம்னு வந்து பாருடா!"

வேலிக் கம்பி 'ணங்'கென்று அதிர்ந்தது. அப்போதுதான் கையில் கிளை இருப்பது அவனுக்கு உறைத்தது.

பதினோரு மைலும் பின்னால் பூட்ஸ் சத்தம். சரக்... சரக்... வெறுங்கால் சத்தம் அதில் அமுங்கிவிட்டது. துரை குடித்த குழாய்ப் புகையிலையின் நெடி. கூடவே ஈரச் சுண்ணாம்பு வாடை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் என்றால் பார்த்திருப்பீர்களா?

வீடு வந்தபோது நாய் குதிருக்கு அடியில் புகுந்துகொண்டது. கிளையை அம்மாவின் தலைமாட்டில் வைத்தான். சாசவோனா கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தாள்.

"யாரடா கூட்டிட்டு வந்த? உங்கப்பன் செருப்புகூடப் போட்டதில்லையே."

வெளியே... டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். தரையில் கல் வைக்கும் சத்தம். வீட்டைச் சுற்றி வந்தது.

"மறுபடியும் மூட்டையக் கட்டச் சொல்றான்" என்றாள்.

பத்து நாள் எழாதவள் எழுந்தாள். கசமூலா அவள் கையைப் பிடித்தான்.

"போவாதம்மா!"

"சும்மா கெட. அன்னிக்கு உன்ன இடுப்புல தூக்கிட்டு ஓடினேன். இன்னிக்கு எதத் தூக்கறது? நகர மாட்டேன்னு அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்றேன்."

கதவைத் திறந்து வெளியே போனாள். டொக் சத்தம் நின்றது.

விடிந்து பார்த்தால் வீட்டைச் சுற்றி வெள்ளைக் கற்கள், அடிக்கு ஒன்றாக. சாசவோனா வாசலில் உட்கார்ந்தபடியே செத்திருந்தாள். மடியில் ஒரு கல், இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. விரல்களைப் பிரிக்கவே முடியாமல் கல்லோடுதான் புதைத்தார்கள்.

கசமூலா மற்ற கற்களைப் பொறுக்கி எத்தனையோ முறை ஆற்றில் கொட்டிவிட்டான். காலையில் மறுபடியும் வரிசையாக இருக்கும். வாசலுக்கு நேரே மட்டும் ஒரு கல் குறையும், அம்மாவோடு புதைத்த கல். அந்த இடைவெளிக்கு வெளியே பூட்ஸ் தடம், வீட்டைப் பார்த்து. உள்ளே அதை மறித்துக்கொண்டு வெறுங்கால் தடங்கள்...

இரண்டு பேருடையவை.