மூன்றாம் அறைச் சுவரில் இருந்த ஒட்டகக் குறி

தாக்லா காவல் நிலையம். 2004 மார்ச் 9, காலை.

பெயர் லெஹ்பீப். தந்தை பெயர் எம்பாரெக். வயது முப்பத்திரண்டு. கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலையில், மீன் உறைபதனக் கூடத்தின் எதிர்ச்சந்தில் தாயாருடன் குடியிருக்கிறேன். கட்டட இடிப்பு வேலை. எழுதப் படிக்கத் தெரியும்.

மேஸ்திரி துஹாமியைச் சம்மட்டியால் அடித்தது நான்தான். நேற்று மூன்று முறை கேட்டும் இதைச் சொல்ல மறுத்தேன். சுவரில் இருந்ததையும் சேர்த்து எழுதினால் ஒப்புக்கொள்கிறேன் என்று இன்று காலை சொன்னேன். எழுத்தர் அதிகாரியிடம் கேட்டுவந்து சரி என்றார். எனக்கு இடது காது கேட்பதில்லை என்பதால் கேள்விகள் வலது பக்கமிருந்து கேட்கப்பட்டன. நேற்று காலைவரை இரண்டு காதும் கேட்டது.

என் தகப்பனார் ஒட்டகம் வைத்திருந்தவர். எழுத்து தெரியாதவர். எனக்கு நான்கு வயதாகும்போது சந்தை வாசலில் வைத்துச் சீருடைக்காரர்கள் அவரை வண்டியில் ஏற்றிப் போனார்கள். தாயார் கொடுத்த பதினான்கு மனுக்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது. அப்படி ஒருவரைப் பிடித்துவைத்ததாகப் பதிவு இல்லை, எல்லை தாண்டி அகதி முகாமுக்குப் போயிருக்கலாம் என்பது பதில்.

ஸ்பெயின்காரர்கள் கட்டிய தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய படைக்கொட்டடியை இடித்துவிட்டு நீரூற்றோடு சதுக்கம் கட்டுகிறார்கள். கல் தூக்குவது எங்கள் ஊர் ஆட்கள், ஏவுவது வடக்கிலிருந்து வந்த துஹாமியும் அவருடைய ஆட்களும். நேற்று காலை எட்டரை மணிக்கு மூன்றாம் அறையின் சுண்ணாம்புப் பூச்சைத் தட்டினேன். பூச்சு ஒரே தகடாக விழுந்தது. அதன் பின்னால், தரையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில், ஒரு குறி கீறப்பட்டிருந்தது. ஒரு வளைவு, அதற்குள் இரண்டு நேர்க்கோடுகள். எங்கள் குலத்தார் எல்லோரும் ஒட்டகத்தின் கழுத்தில் சுடும் குறி அது. வளைவின் கீழே சிறிய குறுக்குக்கோடு ஒன்றும் இருந்தது. அது என் தகப்பனாரின் ஒட்டகங்களுக்கு மட்டும் உரியது. அந்தச் சூட்டுக்கோல் இன்னும் தாயாரிடம் இருக்கிறது. குறியின் பக்கத்தில் ஆணியாலோ நகத்தாலோ இழுத்த சின்னக் கோடுகள் வரிசையாக இருந்தன. நாள் கணக்கு என்று தெரிந்ததால், மண்டியிட்டு எண்ணத் தொடங்கினேன்.

அதன் பிறகு துஹாமி வந்து, "என்னடா ஒட்டகம், சுவத்தப் பாத்துத் தொழுவுறியா? மக்கா அந்தப் பக்கம்டா" என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். நான் விஷயத்தைச் சொல்லி, "மேஸ்திரி, இந்த ஒரு சுவத்த மட்டும் மதியம் வரைக்கும் விட்டுருங்க. எண்ணிக்கிறேன்" என்றேன். "கோடு எண்ணவா உன்ன வேலைக்கு எடுத்தேன்?" என்று சொல்லி, என் கையிலிருந்த சம்மட்டியை வாங்கி மூன்று அடி அடித்தார். முதல் அடியில் கோடுகள் போயின. இரண்டாவதில் குறி போனது. மூன்றாவது அடி தேவையில்லாதது. அதன் பிறகு சம்மட்டியை என்னிடமே நீட்டி, "இந்தா, அள்ளு" என்றார்.

அதன் பிறகு அவருடைய வலது முழங்கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு தோளில் அடித்தேன். தலையில் அடிக்கவில்லை. அடித்திருக்க முடியும்.

அதன் பிறகு அவருடைய ஆட்கள் மண்வெட்டிக் காம்பால் என்னை அடித்தார்கள். அதன் பிறகு வண்டியில் வந்தவர்களில் ஒருவர் என் வலது கைமேல் பூட்ஸோடு ஏறி நின்றார். அவர் யார் என்பதை எழுத வேண்டாம் என்று எழுத்தர் சொன்னதால் சொல்லவில்லை.

"மூணு வருஷம் உள்ள போவடா. ஒரு ஒட்டகக் கிறுக்கலுக்கா?" என்று எழுத்தர் கேட்டார். நான் இருநூற்றுப் பதினேழு வரை எண்ணியிருந்தேன். மிச்சம் எத்தனை என்று தெரியாது. இருநூற்றுப் பதினேழு நாளாவது என் தகப்பனார் அந்த அறையில் உயிரோடு இருந்தார் என்று எழுதிக்கொள்ளவும்.

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். குறியைப் பற்றிய பகுதியை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் நடந்தது.

எழுத்தர் குறிப்பு: வாக்குமூலம் கொடுத்தவர் தன் பெயரை எழுதாமல், இடது கையால் ஒரு வளைவும், அதற்குள் இரண்டு நேர்க்கோடுகளும், கீழே ஒரு குறுக்குக்கோடும் போட்டார். முறையாகக் கையெழுத்துப் போடும்படி சொன்னதற்கு, "இப்பப் பதிவுல இருக்கில்ல?" என்று கேட்டார். வேறு ஒப்பம் தரவில்லை.