சைக்கிள் எடுக்க முடியாத கிழமை

காலை எட்டு இருபது. யாழ்ப்பாணத் தபால் கந்தோர் வரிசையில் முதலில் தெரிந்தவை, ஒரு முதியவரின் புழுதி படிந்த கால்கள்.

"என்ன அண்ணை, நடந்தே வந்தனீங்கள்?" என்றார் பின்னால் நின்றவர்.

"இந்தக் கிழமை சைக்கிள் எடுக்கேலாது. டென்னிஸ் துவங்குது."

"இந்த வயசிலையோ!"

"பகிடி விடாதையும். ஐரோப்பாவிலை மூண்டு இடத்திலை, கூரைக்குக் கீழை ஆட்டம். சண்டையாலை கரண்ட் இல்லையே, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவிலைதான் ரேடியோ கேக்கிறம். மனிசி பெடல் சுத்துறா."

"ஆர் வெல்லுவான்?"

"உள்ளுக்கை காத்தில்லை. ஓங்கிச் சேர்வ் அடிக்கிறவன் வெல்லுவான். எனக்கென்ன? அந்த மூண்டிலை ஒண்டு சுவீடன்; அங்கை மண்டபத்தைக் கூட்டுறது என்ரை பெடியன். ஆட்டம் நடந்தா, அவன் வேலைக்குப் போயிருக்கிறான் எண்டு நினைப்பம்."

"கடிதம்?"

"எட்டு மாசமா இல்லை."

கதவு திறந்தது. அன்றும் தபால் மூட்டை வந்திருக்கவில்லை.