மச்சான் வீட்டுக் கார்

கோயில் விருந்துக்கு அசனச் சோறு வெந்துட்டு, எனக்கும் மணம் வருது. அடுப்பையே பாத்துக்கிட்டிருக்கவங்க கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. ஒரு கதை... சின்னதுதான். சொல்லி முடிச்சதும் மேடையை விட்டு இறங்கிருதேன்.

உடன்குடிப் பக்கம் ஞானதாஸ்னு ஒருத்தர், பாத்திரக் கடை வச்சிருந்தார். அவர் வீட்டுக்காரம்மா பேரு எப்சிபா. அந்தம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. டயாலிசிஸ் பண்ண வாரத்துக்கு ரெண்டு தடவை திருநெல்வேலிக்குப் போகணும். போகும்போது பஸ்ஸுல போயிருவாங்க. திரும்பி வரும்போது... டயாலிசிஸ் முடிஞ்ச உடம்பை யாராவது பாத்திருக்கீங்களா? நிக்க முடியாது. ஒருநாள் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே பஸ்ஸுக்குள்ள விழுந்துட்டாங்க. அன்னைக்கு ஞானதாஸ் முடிவு பண்ணினார், பழைய காராவது ஒண்ணு வாங்கிரணும்னு.

விஷயம் எப்சிபாவோட அண்ணன் வேதமுத்து காதுக்குப் போச்சு. அவருக்குக் கடற்கரை ஊரு, வாசல்ல இறங்கினா கடல். உடனே போன் போட்டார். "வெளியில எவன்கிட்டயும் வாங்காதிய மாப்ள. என் காரை எடுத்துக்கோங்க. தங்கச்சிக்கு இல்லாத வண்டியா." மனசாரத்தான் சொன்னார். இதை மட்டும் மறந்துராதீங்க... இந்தக் கதையில கெட்டவன் யாருமே கிடையாது.

ஞானதாஸ் விவரமான ஆளு. வண்டியைப் பாக்கப் போகும்போது, வீட்டுக்காரம்மாவையும் இசக்கின்னு ஒரு மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போனார். சரியான காரியந்தான? இசக்கி சாக்கை விரிச்சு வண்டிக்கு அடியில படுக்கப் போறான். வேதமுத்து வெளிய வந்தார். பாத்தார். மூஞ்சி சுண்டிப் போச்சு.

"என்ன மாப்ள... என் வண்டியவா சோதனை போடுதிய?"

"இல்ல மச்சான், சும்மா..."

"கூடப் பொறந்தவளுக்கு ஓட்டை வண்டியைத் தள்ளி விடுவேனா நான்?"

எப்சிபா மெதுவா வந்து வீட்டுக்காரர் காதுல சொல்லுதாங்க. "எங்க அண்ணனை அவர் வாசல்ல வச்சே கேவலப்படுத்தணுமாங்க?"

அவ்வளவுதான். பொண்ணு எடுத்த வீட்டுல பொருளைத் திருப்பிப் பாத்து வாங்கலாமா? நம்ம ஊர்ல அது மரியாதைக் குறைச்சலாச்சே. இசக்கிக்கு ஒரு காப்பியைக் கொடுத்து, சாக்கோட பஸ் ஏத்தி விட்டாங்க. அப்புறம் உபதேசியார் வந்தார். பானட் மேல கை வச்சு ஜெபிச்சார். கண்ணாடியில மல்லிகைப் பூ சுத்தினாங்க. உள்ள சீட்டைத் தடவிப் பாத்தாங்க, ஏசியைப் போட்டுப் பாத்தாங்க... அடியில மட்டும் யாரும் பாக்கல.

அடியில என்ன இருந்துச்சு? பிரேக் ஆயில் போற குழாய். பென்சில் தண்டி கூட இருக்காது. உப்புக் காத்து வருஷக்கணக்கா தின்னு தின்னு, வெறும் துருவா நின்னுது. வேதமுத்துக்கும் தெரியாது. சத்தியமா தெரியாது. அவரும் ஒருநாளும் குனிஞ்சு பாத்ததில்ல.

கொஞ்ச காலம் ஓடுச்சு. மழை பிடிச்ச சமயம், ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வாராங்க. எப்சிபா முன் சீட்டுல சாஞ்சு கண்ணை மூடியிருக்காங்க. முன்னால ஒரு மண் லாரி பஞ்சராகி நிக்குது. ஞானதாஸ் பிரேக்கை மிதிச்சார். பெடல் தரையோட போச்சு. மறுபடியும் மிதிச்சார்... ஒண்ணுமில்ல. அவருக்குக் கை முறிஞ்சுது. அந்தம்மா அதுக்கப்புறம் கண்ணைத் திறக்கவே இல்ல.

கல்லறைத் தோட்டம். குழியில மண்ணு போட்டாச்சு. வேதமுத்து மாப்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதார். "அன்னைக்கு ஒரு தடவை பாத்திருக்கலாமே மாப்ள..."

"நீங்க கோவப்படுவியன்னு பயந்துட்டேன் மச்சான்."

அதுக்கு வேதமுத்து என்ன சொன்னார் தெரியுமா? "நான் கோவப்பட்டா பட்டுட்டுப் போறேன். ஒரு கிறிஸ்மஸுக்கு வராம இருந்திருப்பேன். அடுத்த கிறிஸ்மஸுக்கு வந்திருப்பேன்ல மாப்ள... வாசல்ல அவ நின்னுருப்பாள்ல."

...

பிரியமானவங்களே. நாம என்ன செய்யுதோம்? தெரிஞ்ச குடும்பந்தானன்னு விசாரிக்காமப் பிள்ளையைக் கட்டிக் கொடுக்கோம். நம்ம சபை ஆளுதானன்னு கேக்க வேண்டியதைக் கேக்காம விடுதோம். கேட்டா வருத்தப்படுவாங்களாம். படட்டுமே. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பாங்க, அதைத் தாங்க முடியாதா நம்மால? வேதமுத்து தாங்குறது எவ்வளவு, ஞானதாஸ் தாங்குறது எவ்வளவு, கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

கார் வாங்கப் போறவங்க அடியில படுத்துப் பாருங்க. மச்சான் வண்டியா இருந்தாலும் சரி, என் வண்டியா இருந்தாலும் சரி, மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்க. கொடுக்கவங்களுக்கும் ஒண்ணு சொல்லுதேன். உங்க வாசலுக்கு ஒருத்தன் மெக்கானிக்கோட வந்தா கோவிச்சுக்காதீங்க. சாக்கை நீங்களே எடுத்து விரிச்சுக் கொடுங்க. அந்த வண்டியில ஏறி உக்காரப் போறது உங்க தங்கச்சி.