முப்பத்தொரு டிகிரி

நீங்கள் கொடுத்த டீ ஆறிவிட்டது, பரவாயில்லை. ஃப்ரிட்ஜ் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஆறிப்போனதைக் குறை சொன்னால் செய்கிற தொழிலுக்கே துரோகம். பகலெல்லாம் ஊரார் வீட்டுச் சாமான்களைக் குளிரவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஆமை முட்டைகளுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. நீங்களும் சிரிக்கலாம், ஐயா.

பொரிப்பான் என்று நீங்கள் எழுதிக்கொண்டது உண்மையில் ஒரு செத்த ஃப்ரிட்ஜ். மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே சூடேற்றும் கம்பி ஒன்றையும், சூடு கூடினால் அணைத்துக் குறைந்தால் போடும் தெர்மோஸ்டாட் ஒன்றையும் பொருத்தினேன். கொல்லையில் நான் வளர்க்கும் ஆமைகள் இட்ட முட்டைகளை அதில் மணல் பரப்பி வைப்பேன். முப்பத்தொரு டிகிரி. கொஞ்சம் இறங்கினால் எல்லாம் ஆண் குஞ்சு, கொஞ்சம் ஏறினால் எல்லாம் பெண் குஞ்சு, அதற்கும் மேலே போனால் அவித்த முட்டை. கல்யாணமான நாளிலிருந்து என்ன காய் வாங்குவது என்பதைக்கூட அந்த வீட்டில் நான் தீர்மானித்ததில்லை. பெட்டிக்குள் மட்டும் நான் வைத்ததுதான் சட்டம்.

பெட்டி இருந்தது பின்னறையில். அதே அறையில்தான் மச்சானும் படுப்பான், என் மனைவியின் தம்பி. கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் வேலை. காலையில் வந்து பகல் முழுக்கத் தூங்குவான். நல்லவன். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். வாய்தான் கொஞ்சம் நீளம். எனக்கு 'ஆமையப்பன்' என்று பெயர் வைத்தவன் அவன்தான். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்களே.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க மாமா. ஒண்ணு வந்தாச்சு. இன்னொண்ணு எப்போ?" என்று கேட்பான். நீங்கள் அமீனா இல்லை, போலீஸ்தான். ஆனாலும் நேற்று நீங்கள் எங்கள் வாசற்படி ஏறியதைப் பார்க்க அவன் இருந்திருந்தால் ரசித்திருப்பான்.

போன தடவை வைத்த முட்டைகளைக் கொன்றது அவன். வேண்டுமென்று இல்லை. வேலை முடிந்து வந்த அசதியில் தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். பெட்டியைவிடக் குளிர்ச்சியாக இருந்த அந்தப் பாட்டில் தெர்மோஸ்டாட்டின் முனையில் சாய்ந்து நின்றது. பெட்டியே குளிர்ந்துவிட்டது என்று அது நம்பிச் சூட்டை ஏற்றிக்கொண்டே போனது.

"ஃப்ரிட்ஜ்னா தண்ணி வைக்கத்தானே மாமா? கை தானா போயிடுச்சு."

"பரவால்லடா."

"தண்ணியும் சில்லுனு ஆகல, முட்டையும் போச்சு. ரெண்டுங்கெட்டான் பெட்டி மாமா இது."

என் மனைவி அதற்கும் சிரித்தாள். நான் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தேன். உள்ளே குஞ்சு முழுசாக இருந்தது, கால் நகம் வரைக்கும். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஆமைக்காக அழுத ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரன் என்று நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்தத் தடவை குஞ்சுகள் ஓட்டைக் கீறும் நாள் நெருங்கியிருந்தது. முந்தாநாள் மதியம் மழைக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தது. கரண்ட் வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். வெளியே உடம்பு வெடவெடக்கும் குளிர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் ஓடவும் முடியாது. ஆமை முட்டையைப் புரட்டினால் உள்ளே உள்ள கரு செத்துவிடும். அதற்காகவே மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்திருப்பேன். ஆகவே அறையையே பெட்டியாக்கினேன். சன்னலைச் சாத்தினேன், இடுக்குகளில் துணி அடைத்தேன், கரியடுப்பை மூட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். யோசித்துப் பாருங்கள், இதில் புத்திக்குறைவு எதுவும் இல்லை.

மச்சான் அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்தான்.

"அடுப்பு எனக்கா மாமா?"

"உனக்குத்தான்டா. குளிருதில்ல."

"அக்கா குடுத்து வச்சவ மாமா," என்று சொல்லிப் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டான்.

கதவைச் சாத்திவிட்டு மின்சார அலுவலகத்துக்குப் போய் எல்லோரோடும் சேர்ந்து நானும் சத்தம் போட்டேன். கரண்ட் வந்தபிறகு வீடு திரும்பினேன். வெப்பமானியைப் பார்த்தேன். முப்பத்தொன்று. பிறகுதான் மச்சானைத் தொட்டுப் பார்த்தேன். மூச்சு இல்லை. அந்த அறையில் அவன் உடம்பும் இன்னும் ஆறியிருக்கவில்லை.

எழுப்பி வேறு அறைக்கு அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவனை எழுப்புவது பாவம் இல்லையா? கரி நன்றாகக் கனிந்திருந்தது, கண்ணுக்குப் புகையே தெரியவில்லை, ஆபத்து என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்படித்தான் என் மனைவியிடம் சொன்னேன். தம்பியின் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அவள் என் கையைப் பிடித்து, "நீங்க என்ன பண்ணுவீங்க, அவனுக்குக் குளிருமேன்னுதானே வச்சீங்க," என்றாள். அதைக் கேட்டபோது எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இப்போது மேசைமேல் இதை எடுத்து வைக்கிறீர்கள். ஆமாம், என்னுடையதுதான். மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன பம்ப், பேட்டரியில் ஓடுவது. அதைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, சட்டத்தில் ஓட்டை போட்டு, ரப்பர் குழாய் வழியாகப் பெட்டிக்குள் வெளிக்காற்று போகும்படி செய்தேன். வெளிக்காற்று சில்லென்று இருக்குமே என்று குழாயை நடுவில் வெந்நீர்ச் சட்டிக்குள் நாலு சுற்றுச் சுற்றிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் கைவேலையை இதுவரை யாரும் பாராட்டியதில்லை.

எதற்காக என்று கேட்டீர்கள். முட்டையும் ஓடு வழியாக மூச்சு விடுகிறது, ஐயா. கரி எரியும் அறையை இறுக மூடினால் உள்ளே எந்த உயிரும் மிஞ்சாது. அது தெரிந்துதான் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே குழாயைச் செருகினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? என்னிடம் ஒரு குழாய்தான் இருந்தது.