கோல்கீப்பரின் முட்டி

— சத்தத்தைக் குறைக்காதே. டான்ஸ் போட்டியில அந்த மொட்டை நடுவர் இன்னும் வாயைத் திறக்கல.

— திறந்தாச்சுப்பா. பத்துக்கு ஆறு மார்க். பலகையைத் தூக்கிக் காட்டுறாரு பாருங்க.

— ஆறா? கண்ணு அவிஞ்சு போச்சா அவனுக்கு? நம்ம பழைய ஃபுட்பால் கோல்கீப்பர் ஜோடிப் பொண்ணைச் சுத்தி விட்டு ஒத்தைக் காலுல நின்னு பிடிச்சானே! அதுவும் முட்டி மாத்துன காலு!

— அதைத்தான் நானும் சொல்றேன். ஆபரேஷன் பண்ணி ஒன்றரை வருஷத்துல வால்ட்ஸ் ஆடுறாரு. நீங்க கக்கூசுக்குச் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறீங்க.

— உள்ள என்னத்தை வச்சிருக்கானோ, எவன் கண்டான்? டிவிக்காரன் சொன்னா நம்பிடுவியா?

— நம்பாமத்தான் பன்னெண்டு வாரமா அவருக்கு ஓட்டுப் போட்டீங்களா?

— ஆட்டத்தை நம்புறேன். டாக்டரை நம்பல.

— பேச்சை மாத்தாதீங்க. "இவன் ஃபைனலுக்குப் போனா என் முட்டி ஆபரேஷன் ஃபாரத்துல கையெழுத்துப் போடறேன்"னு பந்தயம் கட்டினது யாரு?

— நான்தான். முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவன். தூக்கின சுமையும் கீழ விழாது, சொன்ன சொல்லும் விழாது.

— நாளைக்குக் காலையில ஃபாரம் போகலைன்னா தேதி போயிடும். அடுத்த தேதிக்கு எட்டு மாசம். அதுக்குள்ள படுத்த படுக்கைதான்னு சொல்லிட்டாங்க.

— உங்கம்மாவுக்கும் "சின்ன ஆபரேஷன், சாயந்தரம் வீட்டுக்குப் போயிடலாம்"னுதான் சொன்னானுங்க. உசுரோட திரும்பி வந்தாளா?

— அது வேறப்பா. அது பித்தப்பை.

— கத்தி ஒண்ணுதான்.

— விளம்பரம் முடிஞ்சுது. மூணு பேரையும் வரிசையா நிக்க வச்சுட்டாங்க. சிவப்பு விளக்கு யார் மேல நிக்குதோ அவங்க அவுட், மத்த ரெண்டு பேரும் ஃபைனல். உங்க பத்து ஓட்டையும் போட்டுட்டீங்கல்ல?

— போட்டேன், போட்டேன்.

— நானும் பத்து. எங்க தையல் கடையில எல்லாரையும் கெஞ்சினேன். "அவருதான் எப்படியும் ஜெயிப்பாரே, எதுக்கு ஓட்டு"ன்னு ஒருத்தி கையை விரிச்சுட்டா. இப்படியே எல்லாரும் நெனச்சா என்ன ஆகுறது?

— சும்மா இருடி. விளக்கு சுத்துது.

— உங்க போனை ஏன் கவுத்து வைக்கிறீங்க?

— வெளிச்சம் கண்ணைக் கூசுது. அங்க பாரு.

— நடிகை தப்பிச்சுட்டா. மிச்சம் கோல்கீப்பரும் அந்த டிவி சமையல்காரியும்தான்.

— அவளா? கரண்டி பிடிச்ச மாதிரியே ஆடுவாளே.

— ஐயோ... சிவப்பு விளக்கு அவரு மேல நின்னுடுச்சுப்பா. போச்சு. எல்லாம் போச்சு.

— எத்தனை ஓட்டாம்?

— இருங்க, சொல்றான்... எட்டு! எட்டே எட்டு ஓட்டுல சமையல்காரி முந்திட்டாளாம்!

— அழுவுறானா?

— இல்ல. அழுற அந்தப் பொண்ணை அவருதான் தேத்துறாரு.

— டிவியை அமத்து.

— அமத்தியாச்சு. பந்தயத்துல நீங்க ஜெயிச்சுட்டீங்க, சந்தோஷமா? செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே கெடங்க. ஃபாரத்தை நானே கிழிச்சுப் போட்டுடறேன்.

— கிழிக்காதே. பேனாவை எடு.

— எதுக்கு? அவருதான் தோத்துட்டாரே.

— அவன் எங்க தோத்தான்? கத்திக்குப் பயந்து, என் பத்து ஓட்டையும் நான் அந்தச் சமையல்காரிக்குப் போட்டேன்டி.